பேஸ் கேபினெட்: யார் காதுக்கு?

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் கேபினெட் வாங்கக் கிளம்பும்போது இரண்டு கேள்விகளோடுதான் கிளம்புகிறார்கள்: எத்தனை வாட்? எத்தனை இன்ச்? கடைக்காரரும் இரண்டுக்கும் மனப்பாடமாகப் பதில் வைத்திருப்பார். மேடையில் அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி இந்த எண்கள் சொல்வது மிகக் குறைவு. முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. பெட்டியிலிருந்து வரும் சத்தம் யார் காதுக்குப் போக வேண்டும்? அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்குமா, வாசிப்பவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரம்மருக்கும் மட்டுமா? இதை முடிவு செய்யாமல் வாங்கினால் பெட்டி தூக்க முடியாத கனமாக அமையும், இல்லையென்றால் டிரம்ஸ் சத்தத்தில் காணாமல் போகும்.

இந்தக் கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்குத் துணையாக பேஸ்மேன் ஆம்ப் வந்தது. உள்ளே ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். 1950-களின் நடுவில் அது நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர்கள் கொண்ட, பின்புறம் திறந்த பெட்டியாக மாறியது. திறந்த பெட்டி பேஸுக்கு ஆகாது. கோன் முன்னால் தள்ளும் காற்றலையும் பின்னால் எழும் எதிர் அலையும் பெட்டியைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த சுரங்களில் இந்த இழப்பு அதிகம். ஆனால் கிட்டார்காரர்கள் அந்த ஆம்பைக் கொத்திக்கொண்டு போனார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962-ல் உருவான முதல் மார்ஷல் ஆம்ப் அதே பேஸ்மேன் சர்க்யூட்டைப் பின்பற்றியதுதான். பேஸுக்காகச் செய்யப்பட்டு அதற்குச் சரிப்படாத ஒரு பெட்டியிலிருந்து ராக் கிட்டாரின் சத்தம் கிளைத்தது இசைக்கருவி வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

பேஸுக்கென்றே சரியாக யோசித்துச் செய்த பெட்டி என்றால் ஆம்பெக் நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸைத்தான் சொல்ல வேண்டும். பின்புறம் மூடிய பெட்டி, ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர், சுமார் 25 வாட். மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது இதைத்தான். கிளப்புக்கும் ஸ்டூடியோவுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் கூட்டம் பெருத்துக்கொண்டே போனது. 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். மைக் செட் என்பது அன்று பெரும்பாலும் பாடகர் குரலுக்கு மட்டும்தான். கிட்டாரும் பேஸும் மேடையில் இருந்த ஆம்பிலிருந்தே கூட்டத்தை எட்ட வேண்டும். அந்த நெருக்கடிக்கு ஆம்பெக் சொன்ன பதில் 1969-ல் வந்த எஸ்.வி.டி.: 300 வாட் வால்வு ஆம்ப், அதனோடு எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர்கள் அடைத்த கேபினெட். அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துப்போனது இதைத்தான். உருவத்தைப் பார்த்து வாசிப்பவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ஃபிரிட்ஜ்.

இன்று பெரிய மேடைகளில் நிலைமை அடியோடு மாறிவிட்டது. பேஸ் சிக்னல் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறது. கூட்டம் கேட்பது மேடை ஓரத்தில் அடுக்கிய சப்-ஊஃபர்களை. வாசிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேபினெட் அவருடைய சொந்த மானிட்டர், அவ்வளவுதான். ஆனால் நம்மூரில் எல்லா மேடையும் பெரிய மேடை இல்லை. தேவாலய வழிபாடு, கல்லூரி விழா, ஓட்டல் புல்வெளியில் நடக்கும் வரவேற்பு, சின்ன கல்யாண மண்டபம் இவற்றில் ஸ்டாண்டில் ஏற்றிய இரண்டு 'டாப்' பெட்டிகள் மட்டும் இருக்கும், சப் இருக்காது. அவற்றில் பேஸைக் கலந்தால் பாடகர் குரல் கலங்கும். மைக் செட்காரர் முதல் பாட்டிலேயே பேஸ் சேனலைக் கீழே இறக்கிவிடுவார். அப்போது ஹாலின் முழு பேஸையும் உங்கள் பெட்டிதான் சுமக்க வேண்டும். ஆக, உங்கள் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை எந்த ரகம் என்பதே முதல் கணக்கு.

அடுத்தது, பேஸ் என்றால் எவ்வளவு தாழ்வு? நான்கு ஸ்ட்ரிங் பேஸின் அடி ஸ்ட்ரிங்கான ஈ, நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி, 31 முறை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். 31 ஹெர்ட்ஸுக்கு 11 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையைக் கிளப்ப நிறையக் காற்றை நகர்த்த வேண்டும். இங்கேதான் ஒரு ஆச்சரியம். உலகமே கொண்டாடும் அந்த 8×10 கேபினெட்டின் இன்றைய வடிவத்துக்கு ஆம்பெக் தரும் விவரத்தைப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸிலேயே சத்தம் 3 டெசிபல் குறைகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஈ ஸ்ட்ரிங்கின் அடிச்சுரத்தை அது முழுதாகத் தருவதே இல்லை! ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் குறை சொல்லவில்லை. பேஸ் ஸ்ட்ரிங்கிலிருந்து வரும் சத்தத்தில் அடிச்சுரத்தைவிட அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ், மும்மடங்கான 123 ஹெர்ட்ஸ் ஆகியவையே பல சமயம் ஓங்கி நிற்கின்றன. அவற்றைக் கேட்டதும் விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நெஞ்சில் இடிக்கிறது என்று நாம் சொல்லும் பேஸ், 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான வீட்டில்தான் குடியிருக்கிறது. டைல்ஸும் கண்ணாடியும் நிறைந்த மண்டபத்தில் அதற்குக் கீழே உள்ளதை எவ்வளவு கொடுத்தாலும் அது உறுமலாகத்தான் திரும்பி வரும்.

தமிழ் மெல்லிசை மேடைக்கு இது இன்னும் பொருந்தும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் தாங்குசுரம் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. தனி மெட்டாகவே ஏறி இறங்கி ஓடும். அதை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். 'அடி' மட்டும் வீங்கி, நடுப்பகுதி குழிந்த பெட்டியில் அந்த ஓட்டம் முழுவதும் ஒரே முனகலாகிவிடும்.

பெட்டி வடிவமைப்பில் யாராலும் மீற முடியாத ஒரு கட்டுப்பாடு உண்டு. கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள ஹெச், ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் வழங்கும் இரும்பு விதி இதுதான்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொடுத்த வாட்டுக்கு அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். விளம்பரத்தில் மூன்றும் இருப்பதாகச் சொல்லப்பட்டால் எதையோ மறைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளால், ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும், போர்ட் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் பெரும்பகுதி அனுபவமும் குத்துமதிப்பும்தான்.

போர்ட் வைத்த பெட்டியா, முழுக்க மூடியதா என்பது இன்னும் ஓயாத சண்டை. மூடிய பெட்டியில் தாழ்ச்சுரங்கள் மெதுவாகக் குறையும்: ஒரு ஸ்தாயி இறங்கினால் 12 டெசிபல். போர்ட் வைத்த பெட்டி அதே அளவில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். ஆனால் அதன் எல்லையைத் தாண்டியதும் ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்று சடாரென விழும். அதைவிட முக்கியம், அந்த எல்லைக்குக் கீழே கோனைத் தாங்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. அது கட்டுப்பாடில்லாமல் உதறும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸை ஒரு சின்ன போர்ட் பெட்டியில் மாட்டி, ஆம்பின் பேஸ் குமிழை வலதுகோடிக்குத் திருப்பி பி ஸ்ட்ரிங்கை அடிப்பவர்கள் ஸ்பீக்கரைக் கிழிப்பது இப்படித்தான். 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்று ஆம்புக்கு முன்னால் இருந்தால் கோனும் பிழைக்கும், சத்தமும் தெளியும்.

இப்போது வாட்டுக்கு வருவோம். பெட்டியின் பின்னால் 500 வாட் என்று அச்சிட்டிருந்தால், அதன் வாய்ஸ் காயில் அவ்வளவு சூட்டைத் தாங்கும், கருகாது என்று பொருள். அவ்வளவு சத்தம் வரும் என்று பொருளில்லை. பேஸில் காயில் சூடாவதற்கு வெகு முன்பே கோன் நகரும் தூரம் தீர்ந்துவிடும். ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். ஆகவே விவரத் தாளில் தேட வேண்டியவை இரண்டு: கோன் ஒழுங்காக நகரக்கூடிய தூரம், அப்புறம் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்ற எண். அந்த 8×10-க்கு அது 100. இன்னொரு பெட்டிக்கு 94 என்று வையுங்கள். 6 டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும்: முன்னதில் 200 வாட் தருவதைப் பின்னதில் எட்ட 800 வாட். இந்த இரண்டு எண்களையும் தராமல் வாட்டை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் பெட்டியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்ச்சும் இதே கதை. 15 இன்ச் என்றால் ஆழம், 10 இன்ச் என்றால் துல்லியம் என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. ஒரு 10 இன்ச் கோனின் பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர். 12 இன்ச் 530. 15 இன்ச் 860. நான்கு 10 இன்ச் சேர்ந்தால் 1,400 வருகிறது, ஒரு 15-ஐவிட எவ்வளவோ அதிகம். நகர்த்தப்படும் காற்று என்பது பரப்பையும் கோன் நகரும் தூரத்தையும் பெருக்கிய தொகை. நன்றாகச் செய்த இன்றைய 12 இன்ச் ஸ்பீக்கர் பழைய 15 இன்ச்சைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அளவால் நிச்சயம் மாறுவது மேல் சுரங்கள் பரவும் விதம். கோன் பெரிதாகப் பெரிதாக உயர் அதிர்வுகள் நேர்கோட்டில் குவியும். பக்கவாட்டில் நிற்பவருக்கு மந்தமாகவே கேட்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு 10 இன்ச்சும் இதே குறையைக் காட்டும். அதே பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மேடை முழுக்கப் பரவும். செலவில்லாத இந்தத் திருத்தத்தை ஏன் இத்தனை பேர் செய்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை. கைப்பிடியும் ரப்பர் கால்களும் ஒரு பக்கத்தில் இருப்பதால்தானோ என்னவோ.

ஒரு 4×10-க்குக் கீழே ஒரு 15-ஐ அடுக்குவது பல காலமாக நடக்கும் வழக்கம். அடிச்சுரத்தை 15 பார்த்துக்கொள்ளும், மேல்சுரத்தை 10-கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தாழ்ச்சுரத்தையும் மேல்சுரத்தையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் நடுவில் இல்லாவிட்டால் அப்படி எந்த வேலைப் பிரிவினையும் நடக்காது. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே சிக்னல்தான் போகிறது. இரண்டும் 8 ஓம் என்றால் வாட்டும் சரிபாதி: ஒற்றை 15 பாதியை வாங்குகிறது, ஒவ்வொரு 10-ம் எட்டில் ஒரு பங்கை. முதலில் மூச்சு வாங்குவது 15-தான். இரண்டும் வேறு வேறு விதமாக அசைவதால் சில சுரங்கள் ஓங்கியும் சில தேய்ந்தும் கேட்கும். அந்தச் சத்தத்தையே விரும்பி வைத்துக்கொள்பவர்கள் உண்டு, அவர்களோடு வாதம் இல்லை. புதிதாக வாங்குபவருக்கு ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளே என் பரிந்துரை.

ட்வீட்டர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்லாப் வாசிப்பவருக்கு வேண்டும். விரலால் பழைய பாணியில் வாசிப்பவர் பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார். அளவைக் குறைக்கும் குமிழ் இருந்தால் போதும்.

ஓம் கணக்கு பலரைக் குழப்பினாலும் எளியதுதான். 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே ஆம்பில் இணைத்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு என்றால் 2 ஓம்; இன்றைய ஆம்ப்கள் பலவற்றின் எல்லை 4, அதற்குக் கீழே போனால் அவை அணைந்துவிடும் அல்லது எரிந்துவிடும். அதனால் பின்னாளில் இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் பெட்டி 8 ஓமாக இருக்கட்டும். 4 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப் ஒற்றை 8 ஓம் பெட்டிக்குச் சுமார் பாதியைத்தான் தரும். கேட்கப் பெரிய நஷ்டம் போலிருக்கும், காதுக்குச் சுமார் 3 டெசிபல்தான். மாறாக, அதே மாதிரி இரண்டாவது பெட்டியைச் சேர்த்தால் வாட் கூடுவதால் ஒரு 3, பரப்பு இரட்டிப்பதால் ஒரு 3 என்று 6 டெசிபல் வரை ஏறும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர் அதை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது. கிட்டார் கேபிளை எடுத்து ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகுவதையும் நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடேறும். தடித்த ஸ்பீக்கர் கேபிளும், திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் முனையும் இதற்கென்றே இருக்கின்றன.

கனத்துக்கு வருவோம். மேடை வாசிப்பில் வயது ஏற ஏற இதுதான் முதலிடத்துக்கு வரும். ஆம்பெக் 8×10-ன் எடை 63 கிலோவுக்கு மேல். அதை இரண்டு பேர் சேர்ந்து மண்டபத்தின் மாடிப்படியில் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம்தான் இதை மாற்றியது. சின்னஞ்சிறு காந்தம் பழைய பெரிய ஃபெர்ரைட் வட்டின் வேலையைச் செய்கிறது. அகுலார் நிறுவனத்தின் எஸ்.எல். 112, ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரும் ட்வீட்டரும் சேர்த்து 11 கிலோ சொச்சம். 250 வாட் தாங்கும். கிளாஸ்-டி ஆம்ப் இரண்டு மூன்று கிலோதான். ஆக, மொத்த சரக்கும் ஆட்டோவின் பின்சீட்டில் அடங்கிவிடும். விலைதான் உறுத்தும்: 2011 வாக்கில் சீனா அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது நியோடிமியம் விலை எகிறி, ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் திண்டாடினார்கள். மரத்தையும் கவனிக்க வேண்டும். எடை குறைந்த பிளைவுட்டாக இருந்து உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்திருந்தால் நல்லது. மலிவான துகள்பலகைப் பெட்டி, கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் முனைகள் ஊதி ஆணி பிடிப்பை இழக்கும்.

எந்தப் பெட்டி என்பதற்கு இணையாக முக்கியமானது, அதை எங்கே வைக்கிறோம் என்பது. ஒரு மண்டப மேடையில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். மேடைக்குக் கீழே வெற்றிடம், மேலே பலகை, அதன்மேல் கம்பளம். பேஸ்காரர் பெட்டியைத் தரையில் வைத்து அதற்கு இரண்டடி முன்னால் நிற்கிறார். பெட்டி அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் காதுக்கு மேல்சுரம் எதுவும் வருவதில்லை. குமிழைத் திருப்பி ட்ரெபிளை ஏற்றுகிறார், பிறகு வால்யூமை ஏற்றுகிறார். பதினைந்தடி தள்ளி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு அது காதைக் கிழிக்கிறது. பலகை மேடை வேறு ஏதோ ஒரு சுரத்துக்கு மட்டும் கூடவே அதிர்ந்து 'கும்' என்கிறது. மைக் செட்காரர் கீழிருந்து கையைக் காட்டி "அண்ணே, கொஞ்சம் குறைங்க" என்கிறார். தீர்வு, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து உறுதியான ஒரு இரும்பு நாற்காலி. பெட்டியை அதன்மேல் ஏற்றி லேசாகப் பின்னால் சாய்த்தால் சத்தம் நேரே காதுக்கு வரும். தரையை விட்டு எழுந்ததால் உறுமலும் அடங்கும். வால்யூம் தானாகக் குறையும்.

பின்சுவர் இன்னொரு கண்ணி. பெட்டியின் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேரலையை அழித்துவிடும். பேஸின் உடம்பு இருக்கும் இடமே அதுதான். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த அழிவு பாதிக்காத உயரத்துக்கு நகர்ந்துவிடும். "நேற்று நன்றாக இருந்தது, இன்று அடியே இல்லை" என்று ஆம்பைத் திட்டுபவர்கள் முதலில் பெட்டியை இரண்டடி நகர்த்திப் பார்க்கலாம்.

எல்லாரும் இன்-இயர் மாட்டிக்கொண்டு வாசிக்கும் குழுவென்றால் கேபினெட்டே வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேபினெட்டின் குணத்தைப் போலி செய்யும் ஒரு ப்ரீஆம்ப் பெடலும் டி.ஐ. இணைப்பும் போதும், மேடை அமைதியாக இருப்பதால் சவுண்ட் இன்ஜினியர் கும்பிடுவார். கால்சட்டை அசையும்படி காற்று வீசாமல் பேஸ் வாசிக்க மனம் ஒப்பாதவர்களுக்கு மட்டும் இந்த வழி பிடிக்காது. அவர்களில் நானும் ஒருவன்.

மற்றபடி வாரம் ஒரு மேடை, மாதம் இரண்டு மேடை என்று ஓடும் ஒருவருக்கு என் தேர்வு, 8 ஓமில் ஒரு நல்ல 1×12. காசு சேர்ந்ததும் அதே மாடலில் இன்னொன்று. சின்ன இடத்துக்கு ஒன்று, சப் இல்லாத மண்டபத்துக்கு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக. மேல் பெட்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுவதால் நாற்காலியும் வேண்டாம். 8×10 அழகுதான், சத்தமும் தனிதான். அதை விழா நடத்துபவர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தால் ஆசை தீர வாசித்துவிட்டு, தூக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு வரலாம்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் சொந்த பேஸைக் கொண்டுபோங்கள். தனியாக வாசிக்கையில் நடுச்சுரம் குழிந்த பெட்டிதான் முதலில் மயக்கும். டிரம்ஸும் கீபோர்டுக்காரரின் இடது கையும் சேர்ந்ததும் அதுவே முதலில் மறையும். அதனால் குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து, கடைக்காரர் முகம் சுளிக்கும் அளவுக்காவது ஏற்றி, அடி ஸ்ட்ரிங்கிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சுரம் மட்டும் துருத்துகிறதா, எங்காவது பலகை கிடுகிடுக்கிறதா, போர்ட்டில் காற்று புஸ்ஸென்று சீறுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய பெட்டி என்றால் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப்போங்கள். 8 ஓம் பெட்டி ஆறு ஓமை ஒட்டிக் காட்டும், 4 ஓம் மூன்றை ஒட்டி. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது அல்லது வயர் விட்டிருக்கிறது. வலைத்தட்டியைக் கழற்றச் சொல்லி, விரல்களைக் கோனில் விரித்து வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் சரி. மணல் உரசுவது போல் கரகரத்தால் அந்தக் காயில் ஒருமுறை வெந்துவிட்டது. விலையில் புது ஸ்பீக்கரின் காசைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.